விரியாத வரைபடம்

காட்சிக்கு வந்த பூமி: வரலாற்றுத் தொடர் - 6

சென்ற வாரம் மாஸ்கோவில் நிறுத்தியிருந்தோம். 1959 கோடைக்காலம். சோகோல்னிகி பூங்காவில் பொன்னிறத்தில் மின்னும் அலுமினியக் குவிமாடம். அதற்குள் ஏழு திரைகளில் ஒரே நேரத்தில் ஓடிய ஈம்ஸ் தம்பதியரின் படம். அதே கண்காட்சியின் மாதிரிச் சமையலறை ஒன்றில் நிக்சனும் குருஷ்சேவும் நின்றபடி நடத்திய வாக்குவாதம்.

அதற்கும் முன்பு, 1956-இல், காபூலில் ஆப்கானியத் தொழிலாளர்கள் இரண்டே நாளில் பூட்டி நிறுத்திய 100 அடிக் குவிமாடத்தையும் பார்த்தோம்.

இரண்டு இடத்திலும் இரண்டு பெயர்கள் வந்தன. ஒருவர் அமெரிக்க அரசின் கண்காட்சி அமைப்பாளர் ஜாக் மேசி. இன்னொருவர், முக்கோணங்களை இணைத்துக் குவிமாடம் எழுப்பும் முறையை உலகெங்கும் பரப்பிய பக்மின்ஸ்டர் ஃபுல்லர்.

காபூலிலும் மாஸ்கோவிலும் ஃபுல்லரிடம் கேட்கப்பட்டது கூரை மட்டும்தான். கூரைக்குக் கீழே என்ன வைப்பது என்பதை வேறு யாரோ முடிவு செய்தார்கள். மூன்றாவது முறை அவர் அதற்குச் சம்மதிக்கவில்லை. இந்த வாரக் கதை அங்கேதான் தொடங்குகிறது.

★

1967-ஆம் ஆண்டுக்கான உலகக் கண்காட்சி முதலில் மாஸ்கோவுக்குத்தான் ஒதுக்கப்பட்டிருந்தது. அக்டோபர் புரட்சிக்குப் பொன்விழா ஆண்டு. ஆனால் 1962-இல் சோவியத் அரசு விலகிக்கொண்டது. கனடா கேட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் வாய்ப்பு மான்ட்ரியல் நகரத்துக்குப் போய்விட்டது.

ஐந்தே ஆண்டு அவகாசம். இடமும் கைவசம் இல்லை. செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் மண்ணையும் கல்லையும் கொட்டி, இருந்த தீவு ஒன்றைப் பெரிதாக்கினார்கள்; இல்லாத தீவு ஒன்றைப் புதிதாக எழுப்பினார்கள். நகரத்தில் அப்போது மெட்ரோ ரயிலுக்குச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அந்த மண்ணும் இதற்குப் பயன்பட்டது.

பழைய தீவான செயின்ட் ஹெலனில் அமெரிக்காவுக்கு இடம். புதிய தீவான நோத்ர் தாமில் சோவியத் யூனியனுக்கு. நடுவில் தண்ணீர், அதன்மேல் ஒரு நடைபாலம்.

கண்காட்சியின் மையக் கருத்து ‘மனிதனும் அவன் உலகமும்’. பிரெஞ்சு எழுத்தாளர் சான்-தெக்சுபெரியின் நூல் தலைப்பிலிருந்து பிறந்த கருத்து அது. பெயரளவில், முழு உலகத்தையும் பற்றிப் பேச எல்லா நாட்டுக்கும் அழைப்பு.

அமெரிக்க அரங்கின் பொறுப்பு அந்நாட்டுத் தகவல் முகமையிடம் இருந்தது. வெளிநாடுகளில் யு.எஸ்.ஐ.எஸ். என்று அறியப்பட்ட அதே அமைப்பு. சென்னையில் அதன் நூலகத்துக்குப் போய்ப் படித்த தலைமுறை நம்மிடையே இன்னும் இருக்கிறது. அமெரிக்காவின் கதையை உலகத்துக்குச் சொல்வது அதன் வேலை. அதன் சார்பில்தான் மேசி மீண்டும் ஃபுல்லரைத் தேடிப் போனார்.

1964. ஃபுல்லருக்கு 69 வயது.

★

அந்த ஆண்டு ஜனவரியில் ‘டைம்’ இதழின் அட்டையில் ஃபுல்லரின் முகம் வெளிவந்திருந்தது. ஓவியர் அவர் தலையையே ஒரு குவிமாடமாக வரைந்திருந்தார். உலகம் அவரை அப்படித்தான் அறிந்திருந்தது: குவிமாடக்காரர்.

அவர் மனத்தில் அரை வாழ்நாளாக வளர்ந்தது வேறொன்று. அது ஒரு கணக்கு.

1930-களின் நடுவில் ஃபுல்லர் ஃபெல்ப்ஸ் டாட்ஜ் என்ற செப்புச் சுரங்க நிறுவனத்தில் வேலை பார்த்தார். பூமியில் எவ்வளவு செம்பு இருக்கிறது, எவ்வளவு தோண்டியாகிவிட்டது, தோண்டியது எங்கே போகிறது என்று பார்ப்பது அங்கே அவருக்கு வாய்த்தது. பழைய மோட்டார், பழைய கம்பி, பழைய குழாய் எல்லாம் காயலான் கடைக்குப் போய், உருகி, மீண்டும் புதுப் பொருளாக வருவதை அவர் எண்களாகத் தொடர்ந்து பார்த்தார். சுமார் 22 ஆண்டுகளுக்கு ஒருமுறை செம்பு இப்படிச் சுற்றி வருகிறது என்பது அவர் கணிப்பு.

அதிலிருந்து அவருக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அதே செம்பைக் கொண்டு முன்பைவிட அதிக வேலை வாங்க முடிகிறது. அப்படியானால் உலகத்தில் எல்லோருக்கும் போதாது என்ற பழைய முடிவைத் திரும்பக் கணக்கிட வேண்டாமா?

கணக்கிட வேண்டுமானால் முதலில் உலகத்தை முழுதாகப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு தடை இருந்தது: வரைபடம்.

நம் பள்ளிச் சுவர்களில் தொங்கிய உலகப் படத்தை நினைத்துப் பாருங்கள். மெர்கேட்டர் முறையில் வரைந்த படம் என்றால், அதில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்குச் சமமாகத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைவிட 14 மடங்கு பெரியது. இந்தியாகூட கிரீன்லாந்தைவிட ஒன்றரை மடங்கு பெரியது; அந்தப் படத்தில் அதன் ஓரத்தில் ஒட்டிய துண்டுபோல் இருக்கும். கப்பல் ஓட்டத் திசை காட்டுவதற்காகப் பிறந்த படம், யார் பெரியவர் யார் சிறியவர் என்று பல தலைமுறைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டது.

ஃபுல்லர் பூகோளத்தின் மேற்பரப்பைத் தட்டையான முகங்களுக்கு மாற்றி, ஆரஞ்சுத் தோலை உரித்து விரிப்பதுபோல் விரித்தார். 1943 மார்ச்சில் ‘லைஃப்’ இதழ் அந்த வரைபடத்தை வாசகர்களே வெட்டி ஒட்டிப் பார்க்கும்படி அச்சிட்டது. 1954-இல், கட்டிடக் கலைஞர் ஷோஜி சடாவுடன் சேர்ந்து, 20 முக்கோணங்களால் ஆன திருத்தப்பட்ட வடிவத்தை வெளியிட்டார். டைமாக்ஸியன் வரைபடம் என்று அதற்குப் பெயர்.

அதில் மேல், கீழ் கிடையாது. நிலப்பரப்புகளின் அளவும் வடிவமும் பெரிதாகத் திரியவில்லை. கண்டங்கள் எல்லாம் ஒரே கடலில் கிடக்கும் ஏறத்தாழ ஒரே தீவாகத் தெரிந்தன. எந்த நாடும் நடுவில் இல்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வாஷிங்டனில் நடந்ததற்கு அதில் ஒரு காரணம் இருக்கிறது.

★

வரைபடம் கிடைத்துவிட்டது. அதன்மேல் வைக்க எண்கள் வேண்டும்.

1961-இல் லண்டனில் உலகக் கட்டிடக் கலைஞர்களின் சர்வதேச மாநாடு கூடியது. ஃபுல்லர் அங்கே ஒரு வேண்டுகோள் வைத்தார். 1965 முதல் 1975 வரை பத்தாண்டு காலம், உலகெங்கும் உள்ள கட்டிடக்கலைப் பள்ளி மாணவர்கள் ஒரே பாடத்தை எடுத்துக்கொள்ள வேண்டும்: உலகின் வளங்களை எல்லா மனிதருக்கும் எட்டும்படி எப்படி வடிவமைப்பது?

அவர் கணக்குப்படி, அன்று அந்த வளங்களின் பயன் மனித குலத்தில் 44 சதவீதத்தினருக்குத்தான் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. மீதி 56 சதவீதத்தினரை என்ன செய்வது?

இந்த இடத்தில் ஜான் மக்ஹேல் என்பவரைப் பற்றிச் சொல்லாமல் போனால் நியாயமாக இருக்காது. ஸ்காட்லாந்தில் பிறந்த ஓவியர். லண்டனில் இளம் கலைஞர் குழு ஒன்றில் முன்னணியில் இருந்தவர். 1962-இல் அமெரிக்காவுக்கு வந்து, ஃபுல்லர் பேராசிரியராக இருந்த தெற்கு இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கார்பன்டேல் என்ற சிற்றூரில் உட்கார்ந்தார். உலோகம், எரிசக்தி, உணவு, மக்கள்தொகை என்று கிடைத்த புள்ளிவிவரங்களை எல்லாம் திரட்டி, வரைபடங்களாகவும் அட்டவணைகளாகவும் மாற்றினார்.

1963-இல் முதல் தொகுதி வந்தது. உலக வளங்கள், மனிதப் போக்குகள், தேவைகள் பற்றிய இருப்புக் கணக்கு. 1967 வரை ஆறு தொகுதிகள். மேடையில் பேசியவர் ஃபுல்லர். மேசையில் உட்கார்ந்து எண்களைச் சேர்த்தவர் மக்ஹேல். வரலாறு முதலாமவரை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டது, இரண்டாமவருக்குச் செய்த குறை என்றே நான் கருதுகிறேன்.

1965 ஜூலையில் அதே சர்வதேச மாநாடு பாரிஸில் கூடியபோது, மாணவர்கள் தங்கள் வேலையைத் துய்லரி தோட்டத்தில் காட்சிக்கு வைத்தார்கள். அரங்கத்துக்குள் கட்டிடக் கலைஞர்கள் மட்டும் பார்க்கும் காட்சியாக அதை அடைக்கவில்லை. மாலையில் உலாவ வரும் பொதுமக்களின் பூங்காவில் வைத்தார்கள். தகரமும் செம்பும் கோதுமையும் மின்சாரமும் யாரிடம் எவ்வளவு இருக்கின்றன என்பது, வழிப்போக்கர் நின்று பார்க்கும் விஷயமாக மாறியது.

சுற்றுச்சூழல் என்ற சொல் இன்றுபோல் எல்லோர் வாயிலும் புழங்காத காலம். முதல் புவி தினத்துக்கு இன்னும் ஐந்து ஆண்டு இருந்தது. சுற்றுச்சூழலுக்கான ஸ்டாக்ஹோம் உலக மாநாட்டுக்கு ஏழு.

துய்லரி ஒரு முன்னோட்டம்தான். ஃபுல்லர் உண்மையில் விரும்பியது மான்ட்ரியலுக்கு.

★

அவர் அமெரிக்கத் தகவல் முகமைக்குக் கொடுத்த திட்டத்தை, அங்கே போகும் ஒரு பார்வையாளரின் கண்ணால் பார்க்கலாம்.

நீங்கள் ஒரு மாபெரும் குவிமாடத்துக்குள் நுழைகிறீர்கள். தலைக்கு மேலே ஒரு பூகோளம் தொங்குகிறது. 100 அடி விட்டம். கண்டங்களும் கடல்களும் தெளிவாகத் தெரிகின்றன. சுற்றிலும் உள்ள மாடங்களில் நின்று பார்க்கிறீர்கள்.

பூகோளம் மெல்ல மாறுகிறது. அதன் உருண்டை மேற்பரப்பில் விளிம்புகள் தோன்றுகின்றன. கொஞ்ச நேரத்தில் அது 20 முக்கோண முகங்கள் கொண்ட உருவம் ஆகிவிடுகிறது.

பிறகு அது கீழே இறங்குகிறது. முகங்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிகின்றன, விரிகின்றன, தரையில் படிகின்றன. இப்போது உங்கள் முன்னால் கால்பந்து மைதானம் அளவுக்கு உலகப் படம் கிடக்கிறது. டைமாக்ஸியன் வரைபடம்.

அதன் மேற்பரப்பு முழுக்கச் சின்னஞ்சிறு விளக்குகள். அவற்றை இயக்கும் கம்ப்யூட்டர் அடித்தளத்தில் இருக்கிறது. மக்ஹேலின் தொகுதிகளில் சேர்ந்த எண்கள் எல்லாம் அதற்குள். செம்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால் செம்பு இருக்கும் இடங்கள் ஒளிரும். பசித்தவர்கள் எங்கே என்று கேட்டால் அந்த இடங்கள் ஒளிரும். மின்சாரம் எட்டாத ஊர்கள், அணை காணாத ஆறுகள், நகர்ந்துகொண்டிருக்கும் மக்கள் எல்லாம் விளக்குப் புள்ளிகளாகத் தெரியும்.

இதுவரை இது ஒரு வேடிக்கை. வியந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஃபுல்லரின் திட்டம் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

பார்க்க வந்தவர்கள் விளையாட வேண்டும். தனியாகவோ அணியாகவோ முன்வந்து, உலகத்தை நடத்திப் பார்க்க வேண்டும். இந்த ஆற்றில் இவ்வளவு மின்சாரம் எடுத்து அந்தக் கண்டத்துக்கு அனுப்பினால் என்ன ஆகும்? இவ்வளவு உலோகத்தை ஆயுதத்திலிருந்து வீட்டுக்கும் குழாய்க்கும் திருப்பினால் எத்தனை பேருக்குப் போதும்? நீங்கள் ஒரு முடிவெடுத்தால், அதன் விளைவைக் கம்ப்யூட்டர் தரையில் ஒளிர வைத்துக் காட்டும்.

வெற்றிக்கு அவர் வைத்த இலக்கணம் எளிமையானது. மனிதர் அனைவருக்கும், ஒருவர்கூட விடுபடாமல், நல்வாழ்வு எட்ட வேண்டும். இயற்கைக்கு ஊறு செய்யக் கூடாது. ஒருவர் பெறுவதற்காக இன்னொருவர் இழக்கக் கூடாது. அதை மிகக் குறைந்த காலத்தில் சாதிக்கும் வழியைக் காண்பவர் ஜெயித்தவர்.

தோற்பதற்கும் ஒரு விதி உண்டு. எந்த அணி போரை நாடுகிறதோ, அது அப்போதே ஆட்டத்திலிருந்து வெளியேற வேண்டும்.

அன்றைய ராணுவத் தலைமையகங்களில் போர் விளையாட்டுகள் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தன. அணுகுண்டு விழுந்தால் யாருக்கு எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போடும் ஆட்டங்கள். அவற்றின் அடிப்படை, ஒருவர் ஜெயித்தால் மற்றவர் தோற்றே ஆக வேண்டும் என்பது. ஃபுல்லர் அந்த அடிப்படையையே மாற்றினார். அதனால்தான் தன் ஆட்டத்துக்கு ‘உலக விளையாட்டு’ என்று பெயர் வைத்தார்.

ராணுவ அதிகாரிகள் மூடிய அறையில் ஆடியதை, குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு கண்காட்சிக்கு வரும் ஒரு தகப்பன் ஆட வேண்டும். அதுதான் அந்தத் திட்டத்தின் துணிச்சல்.

★

வாஷிங்டன் பதில் சொன்னது. குவிமாடம் வேண்டும். விளையாட்டு வேண்டாம்.

இந்த முடிவை அதிகாரிகளின் குறுகிய புத்தி என்று ஒரே வரியில் தள்ளிவிடலாம். அது சரியான படிப்பு அல்ல என்று நினைக்கிறேன். அவர்கள் பக்கம் இருந்து பார்த்தால் காரணம் தெளிவாகவே இருந்தது.

அன்று உலக மக்கள்தொகை சுமார் 330 கோடி. அதில் அமெரிக்கர்கள் 6 சதவீதம்கூட இல்லை. ஆனால் உலகம் எரித்த எரிசக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அவர்கள் எரித்தது. தரையில் விரித்த வரைபடத்தில் விளக்குகளை ஏற்றினால் முதலில் தெரிவது இதுதான். அமெரிக்காவின் கதையைச் சொல்வதற்காகவே அமைக்கப்பட்ட அலுவலகம், அமெரிக்க மக்களின் வரிப்பணத்தில், இதைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் சோவியத் அரங்கிலிருந்து நடந்து வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டும்.

அது மட்டும் இல்லை. எந்த நாடும் நடுவில் இல்லாத வரைபடத்தில் அமெரிக்க அரங்கு எங்கே இருக்கும்? தேசிய அரங்கு என்ற ஏற்பாட்டையே அந்தத் திட்டம் கேள்விக்கு உள்ளாக்கியது. வியட்நாமில் படைகள் பெருகிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. போரை நாடுகிறவர் தோற்றவர் என்ற விதியோடு ஒரு விளையாட்டை அரசே நடத்துவதா?

ஃபுல்லர் பக்கமும் ஒரு பலவீனம் இருந்தது. எண்களைச் சரியாக அடுக்கிவிட்டால் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்துவிடுவார்கள் என்று அவர் மனதார நம்பினார். அரசியலே தேவைப்படாது என்றுகூடப் பேசினார். யாருடைய எண்கள், யார் எண்ணியது, அணை கட்டினால் மூழ்கும் ஊர்க்காரரிடம் யார் கேட்டது என்ற கேள்விகளுக்கு அவருடைய தரைப்படத்தில் விளக்கு இல்லை. அணை காணாத ஆறு வீணான ஆறு என்று எண்ணிய காலம் அது. அவரும் அந்தக் காலத்து மனிதர்தான்.

இருந்தும் இதைச் சொல்லத்தான் வேண்டும். அந்த விளையாட்டு நடந்திருந்தால், இதே கேள்விகளைப் பார்க்க வந்தவர்களே அங்கே கேட்டிருப்பார்கள். தவறான கணக்கைப் பொதுவில் வைத்தால் திருத்த ஆள் வருவார். வைக்காத கணக்கை யார் திருத்துவது?

★

1967 ஏப்ரல் இறுதியில் கண்காட்சி திறந்தது.

ஃபுல்லரும் சடாவும் எழுப்பிய குவிமாடம் செயின்ட் ஹெலன் தீவில் நின்றது. 76 மீட்டர் விட்டம். எஃகுக் குழாய்களால் ஆன இரட்டை அடுக்குக் கூடு. வெளியில் முக்கோணங்கள், உள்ளே அறுகோணங்கள். அதன்மேல் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் அக்ரிலிக் தோல். உள்ளே வெயில் ஏறாமல் இருக்க, சூரியன் நகர நகர மோட்டாரில் விரிந்து சுருங்கும் திரைகள். சின்ன ரயில் ஒன்று குவிமாடத்துக்குள்ளேயே புகுந்து வெளியே போனது. இரவில் விளக்கேற்றினால் ஆற்றின் இரு கரையிலிருந்தும் தெரிந்தது.

அந்த ஜூலை 12 ஃபுல்லருக்குப் பிறந்தநாள். அவருக்கும் ஆனிக்கும் திருமணப் பொன்விழா நாளும் அதுவே. தன்னை அறியாமலே மனைவிக்கு ஒரு தாஜ்மகாலைக் கட்டிவிட்டதாக அவர் சொல்லிக்கொண்டதுண்டு.

உள்ளே என்ன இருந்தது? கேம்பிரிட்ஜ் செவன் என்ற இளம் வடிவமைப்பாளர் குழு அடுக்கடுக்கான மேடைகளில் ‘படைப்பூக்க அமெரிக்கா’வைக் காட்டியது. ஹாலிவுட் நட்சத்திரங்களின் பெரிய படங்கள். துணிப் பொம்மைகள். எல்விஸ் பிரெஸ்லியின் கிட்டார். பாராசூட்டோடு விண்கலம். நான்கைந்து ஆள் உயரத்துக்குப் புத்தம்புது ஓவியங்கள். நல்ல கண்ணும் நல்ல ரசனையும் உள்ள வேலை அது. இதெல்லாம் விளையாட்டுத்தனம் என்று அமெரிக்கப் பார்வையாளர்கள் சிலரே குறைப்பட்டுக்கொண்டாலும்.

ஓவியர்களில் ஒருவர் ஜாஸ்பர் ஜான்ஸ். அரங்குக்காக அவர் தீட்டிக் கொடுத்தது ஏறத்தாழ 10 மீட்டர் நீள உலக வரைபடம். எந்த வரைபடம்? ஃபுல்லரின் டைமாக்ஸியன் வரைபடம்.

தரையில் விரிந்து, ஒளிர்ந்து, மக்கள் குனிந்து விளையாட வேண்டிய படம், ஓர் ஓவியமாகக் குவிமாடத்துக்குள் தொங்கியது. ஜான்ஸுக்கு அதில் திருப்தி வரவில்லை. கண்காட்சி முடிந்த பிறகும் 1971 வரை அதைத் திருத்திக்கொண்டே இருந்தார். இன்று அது ஜெர்மனியின் கொலோன் நகரத்தில், லுட்விக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆறு மாதத்தில் ஐந்து கோடிக்கும் மேற்பட்ட வருகைகள் பதிவாயின. கனடாவின் அன்றைய மக்கள்தொகையே சுமார் இரண்டு கோடிதான். சோவியத் அரங்குக்கு ஒரு கோடியே 30 லட்சம் பேர் போனார்கள். அமெரிக்க அரங்குக்கு 90 லட்சம்.

அந்த 90 லட்சம் என்ற எண்ணைத் தாண்டி என்னால் எளிதில் போக முடியவில்லை. உலக வளத்தின் கணக்கைக் கண்ணால் பார்த்து, கையால் மாற்றிப் பார்க்க வாய்த்திருக்கக்கூடிய 90 லட்சம் பேர் அவர்கள். நடக்காததன் விளைவை அளக்க முடியாது. ஆனால் வரலாறு எழுதுகிறவர் அதை விட்டுவிடவும் கூடாது.

★

குவிமாடத்தின் பிற்காலத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

உயிருள்ள தோல்போல் வெயிலுக்கு ஏற்றபடி நடந்துகொள்ளும் கட்டிடம் என்பது ஃபுல்லரின் கனவு. திரைகளின் மோட்டார்கள் ஒழுங்காக வேலை செய்யவில்லை. உள்ளே வெப்பம் சேர்ந்தது. குறைந்த பொருளில் அதிக இடத்தை மூடியது எஃகுக் கூடு. ஆனால் அதன் தோல் பெட்ரோலியத்திலிருந்து பிறந்த பிளாஸ்டிக்.

கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா அதை மான்ட்ரியல் நகரத்துக்குக் கொடுத்துவிட்டது. செடிகளும் பறவைகளும் உள்ளே குடியேறின.

1976 மே 20. மராமத்து வேலை நடந்துகொண்டிருந்தது. வெல்டிங் தீப்பொறி ஒன்று அக்ரிலிக்கில் பட்டது. அரை மணி நேரத்துக்குள் தோல் முழுவதும் எரிந்து போனது. அதே நகரத்தில் ஒலிம்பிக் தொடங்க இரண்டு மாதம்கூட இல்லை. ஆற்றுக்கு மேலே கரும்புகை எழுந்ததை நகரமே பார்த்தது.

எஃகுக் கூடு மட்டும் அசையாமல் நின்றது. சுமார் 15 ஆண்டு பூட்டிக் கிடந்தது.

1995 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினம். அந்தக் கூட்டுக்குள் ஓர் அருங்காட்சியகம் திறந்தது. செயின்ட் லாரன்ஸ் ஆறு, பேரேரிகள், தண்ணீர் ஆகியவற்றைப் பற்றி மக்களுக்குச் சொல்வதற்காக. மீண்டும் தோல் போர்த்தவில்லை. மழையும் பனியும் கூட்டின் ஊடே விழுகின்றன. பயோஸ்பியர் என்ற பெயரில் இன்றும் அது இயங்குகிறது. ஃபுல்லர் 1983-இல் இறந்துவிட்டார், அதைப் பார்க்கவில்லை.

தேசியப் பெருமைக்காகக் கட்டிய கூரைக்குக் கீழே பூமியைப் பற்றிய காட்சி வந்து சேர 28 ஆண்டுகள் ஆயின.

★

மீண்டும் 1967-க்கு வருவோம். மான்ட்ரியலில் தோற்ற திட்டத்தை ஃபுல்லர் மூட்டை கட்டி வைக்கவில்லை.

அடுத்த ஆண்டு டிசம்பரில் அப்பல்லோ 8 விண்கலத்திலிருந்து மூன்று மனிதர்கள் நிலவின் விளிம்புக்கு மேலே பூமி எழுவதைப் படமெடுத்தார்கள். மேல் கீழ் இல்லாத, நடுவில் எந்த நாடும் இல்லாத பூமி. ஃபுல்லர் கால் நூற்றாண்டாகச் சொன்னதை, ஒரு புகைப்படம் செய்தித்தாள்களின் முதல் பக்கத்தில் கொண்டு வந்து வைத்தது.

1969 மார்ச்சில் அமெரிக்க செனட்டின் துணைக்குழு ஒன்றின் முன்னால் ஃபுல்லர் உலக விளையாட்டைப் பற்றிச் சாட்சியம் அளித்தார். மாளிகை அளவு கம்ப்யூட்டரும் மைதான அளவு வரைபடமும் இன்னும் அவர் மனத்தில் இருந்தன. பணம் தர யாரும் முன்வரவில்லை.

அதே ஆண்டு கோடையில் நியூயார்க்கின் மன்ஹாட்டனில் ஓவியமும் சிற்பமும் கற்பிக்கும் ஒரு சிறிய பள்ளி கதவைத் திறந்துவிட்டது. எட்வின் ஷ்லாஸ்பெர்க் என்ற இளைஞர் ஏற்பாடுகளைக் கவனித்தார். அரசு கிடையாது, குவிமாடம் கிடையாது, விளக்குகள் ஒளிரும் தரை கிடையாது. சில பத்து மாணவர்கள், காகித வரைபடங்கள், மக்ஹேலின் அட்டவணைகள்.

90 லட்சம் பேருக்காகத் திட்டமிட்டதை ஓர் அறையில் ஆட முடியுமா? ஆடியவர்கள் மனிதர் அனைவருக்கும் போதும் என்ற விடையைக் கண்டார்களா, அல்லது போதாது என்பதையா? அந்த விடையை வெளியே இருந்த மக்களிடம் எப்படிக் கொண்டு போனார்கள்?

அடுத்த வாரம் அந்த அறைக்குள் போவோம். அதுவரை உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் உள்ள உலகப் படத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதில் கிரீன்லாந்து எவ்வளவு பெரியதாக இருக்கிறது?

(தொடரும்)